மஞ்சளைக் கழுவிய மழை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு சமயநல்லூரில் சிமெண்டுக் கல் அடிக்கும் ஹாலோ பிளாக் களம் போட்டேன். அப்போது அந்த இடத்தில் கருவேல முள்ளும் பாம்பும்தான் இருந்தன. கையால் அச்சில் கல் அடித்து ஆரம்பித்த எனக்கு இன்று மெஷின் இருக்கிறது, லாரி இருக்கிறது. விளாங்குடியில் மாடி வீடு, என் களத்துக் கல்லிலேயே கட்டியது. அதில் ஒரு வெடிப்புக் காட்டுங்கள் பார்ப்போம். மகனை இன்ஜினியர் ஆக்கினேன், மகளை டீச்சர் ஆக்கினேன். இவ்வளவையும் கட்டிய இந்த இரண்டு கையும், போன தை மாதத்தில் என்னையே சொறிவதைத் தவிர வேறு எதற்கும் ஆகாமல் போய்விட்டன.

கருப்பனை நம்பி வரும் பங்காளிகளே, தாய்மார்களே, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு உள்ளங்கால். என் மச்சினன் சின்னச்சாமி எப்போதும் கேலிக்காரன். "மச்சான், கை அரிச்சா பணம் வரும், கால் அரிச்சா பயணம் வரும்பாக. ரெண்டும் சேந்து அரிக்குது, பணத்தோட எங்கயோ ஓடப் போறீக" என்றான். சிரித்தேன். கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றது. அரிப்பு கெண்டைக்காலுக்கு ஏறியது, முதுகுக்குப் போனது, வயிற்றுக்கு வந்தது. பொழுது சாய்ந்தால் கூடும். தோலில் ஒரு தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. நான் சொறிந்த கோடுகள்தான் இருந்தன.

பார்த்தவர்கள் எல்லாரும் சிமெண்டுதான் காரணம் என்றார்கள். நானும் அதையே நம்பினேன். சோப்பை மாற்றினேன். கத்திரிக்காய், கருவாடு இரண்டையும் விட்டேன். மெத்தையை வெயிலில் போட்டேன். மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைக்குத் தூக்கம் வந்ததே தவிர அரிப்பு போகவில்லை. ஒரு கல்யாண வீட்டில் பொறுக்க முடியாமல் எருமை மாதிரி தூணில் முதுகைத் தேய்த்தேன். எனக்கு மாலை போட வந்தவர் எட்ட நின்று நீட்டினார். எத்தனையோ பேருக்கு வேலை கொடுத்தவன் நான். அன்று மண்டபத்தில் என் பக்கத்து நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை.

"டாக்டர்கிட்ட போவோம்ப்பா" என்று மகன் கெஞ்சினான். "ஊறலுக்குப் போயி டாக்டரா? ஊரு சிரிக்கும்டா" என்றேன். என் மனைவி பேச்சியம்மாள் வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்து, காலையும் மாலையும் தலை முதல் கால் வரை பூசினாள். மேலெல்லாம் மஞ்சள், வேட்டியெல்லாம் மஞ்சள். "மஞ்சத்தண்ணி ஊத்துன முறைமாப்பிள்ள மாதிரி இருக்கீக" என்று சிரிப்பாள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனது. பூசியது உள்ளே இறங்கிவிட்டது, நல்லதுதான் என்று நினைத்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு களத்துத் தூசிக்குப் பயந்து கறுப்புக் கண்ணாடி போடுகிறவன், அதனால் கண்ணை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பசி போனது. மீன்குழம்பு வாசனை வந்தாலே குமட்டியது. உடம்பு வற்றியது.

ஒரு நாள் களத்தில் அச்சைத் தேய்க்கும் கம்பி பிரஷ்ஷை எடுத்து முதுகில் தேய்த்துவிட்டேன். ரத்தம் வந்தது. அதைப் பார்த்துப் பேச்சியம்மாள் அழுத அழுகையில்தான், இது என் உயிரை எடுக்காமல் விடாது என்று எனக்குப் புரிந்தது.

மாசி அமாவாசை அன்று பேச்சியம்மாளையும் சின்னச்சாமியையும் கூட்டிக்கொண்டு கீழக்குயில்குடிக்கு அந்தப் பக்கம், வயலோரத்தில் இருக்கும் நம் கருப்பனிடம் போனேன். பூசிய மஞ்சளோடு, சட்டை இல்லாமல் நின்றேன். மந்திரம் எனக்குத் தெரியாது. "கருப்பா, இதுக்கு மேல தாங்காதுய்யா. என்ன ஏதுன்னு காட்டிரு. காட்டிட்டின்னா மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

பங்காளிகளே, மழைக்காலமா அது? தேங்காய் உடைத்துத் திரும்புவதற்குள் வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கியது. எல்லாரும் தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. அந்தக் குளிர்ச்சி பட்டதும் அரிப்பு அடங்கியது, கையை விரித்துக்கொண்டு நின்றேன். "அடியாத்தி, உள்ள வாங்க! சளி புடிச்சுக்கும்!" என்று பேச்சியம்மாள் கத்தினாள். மஞ்சள் கரைந்து என் கால் வழியே ஓடியது.

மழை குறைந்த பிறகுதான் கொட்டகைக்குள் போனேன். அங்கே மாமியாரோடு பொங்கல் வைக்க வந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யா, தப்பா நினைக்காதீங்க. பூசுன மஞ்சள் எல்லாம் ஓடிருச்சு. நீங்க இன்னும் மஞ்சளாவே இருக்கீங்களே?"

"யாரும்மா நீ?"

"தோல் டாக்டர். அந்தக் கண்ணாடிய கொஞ்சம் கழட்டுங்க."

கழற்றினேன். பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். அந்த டாக்டரம்மா சிறுநீரைப் பற்றிக் கேட்டார், பசியைப் பற்றிக் கேட்டார், தடிப்பு வந்ததா என்று கேட்டார். பிறகு சொன்னார்: "இது தோலோட அரிப்பு இல்லைய்யா. பித்தநீர் போற குழாய் எங்கயோ அடைச்சிருக்கு. அது ரத்தத்துல கலந்தா உடம்பெல்லாம் இப்படித்தான் அரிக்கும். நாளைக்கே ரத்தம் பாருங்க, ஸ்கேன் எடுங்க. தள்ளிப் போடாதீங்க."

"அப்ப சிமெண்டு இல்லையா?" என்றான் சின்னச்சாமி.

"சிமெண்டு மேல வீண் பழி" என்றார் அவர்.

என்ன கண் அந்தப் பிள்ளைக்கு! நாங்கள் அத்தனை பேர் தினமும் பார்த்தும் காணாததை, மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கண்டுபிடித்தார். கருப்பன் காட்டிய பிறகு நான் சொன்ன சொல் மாறக் கூடாது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழாயில் அடைப்பு இருந்தது. கட்டியாகவும் இருக்கலாம் என்றார்கள். முடிவு வரும் வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அது கல். "மச்சான், அங்கயும் களம் போட்டுட்டீகளா?" என்று கேட்டுவிட்டு, சின்னச்சாமி துண்டால் முகத்தை மூடி அழுதான்.

வாய் வழியாகக் குழாய் விட்டு அந்தக் கல்லை எடுத்தார்கள். சில நாளில் அரிப்பு இறங்கியது. நிம்மதியாகத் தூங்கினேன். இன்னும் தள்ளியிருந்தால் கிருமி ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார்கள். பிறகு பித்தப்பையையும் எடுத்தாயிற்று.

இப்போது வெதுவெதுப்பான தண்ணீரில்தான் குளிக்கிறேன், ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். நகத்தை ஒட்ட வெட்டுகிறேன். களத்தில் யாராவது சொறிந்தால் முதலில் டாக்டரிடம் அனுப்புகிறேன், அப்புறம்தான் வேலை. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். தடிப்பு இல்லாமல் உடம்பெல்லாம் அரித்தால் மேலே எதையும் பூசி மறைக்காதீர்கள். காட்டச் சொல்லிக் கருப்பனைக் கேளுங்கள். நிச்சயம் காட்டுவான். காட்டியதும் எழுந்து போங்கள்.

இந்த வருஷத் திருவிழா நோட்டீசில் என்ன அச்சடிக்கப் போகிறார்கள் என்று மருமகனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "கருப்பசாமி அருளால் மழை பொழிந்து ஒரு பக்தரின் நோய் நீங்கியது" என்று இருக்கிறதாம். ஒரு பக்தரா? மழை கருப்பனுடையது, ஒப்புக்கொள்கிறேன். கண்டுபிடித்த கண் டாக்டரம்மாவுடையது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எல்லாரும் தகரத்துக்கு அடியில் ஓடி ஒண்டியபோது, அந்த மழையில் நின்றது யார்? நானும் ஓடியிருந்தால் அந்த மஞ்சள் கரைந்திருக்குமா? கோயில் கமிட்டியாருக்குச் சொல்கிறேன்: என் பெயரைக் கருப்பன் பெயருக்குக் கீழே போடுங்கள், டாக்டரம்மா பெயருக்கும் கீழே போடுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் சமயநல்லூர் ஹாலோ பிளாக் ஆண்டியப்பன் என்று முழுப் பெயராகப் போட வேண்டும். பொடி எழுத்தில் போடக் கூடாது.