வி. மணி என்கிற விமானி

“மச்சான், மணி மவுத்தாயிட்டான்டா.” டியூஷன் வாசலில் ரியாஸ் இந்தச் சாவுச் செய்தியைச் சொன்னபோது நான் சிரித்தேன். இந்த ஊரில் விளையாட்டுக்குப் பொய்ச் செய்தி பரப்புவது என் வேலை. இன்றைக்கு யாரோ எனக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். ரியாஸ் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் போட்டது போட்டபடி மணி வீட்டுக்கு ஓடினேன். நம் தெருக்காரர்கள் நீங்கள் எல்லோரும் எனக்கு முன்பே அங்கே நின்றீர்கள். அன்றைக்கு மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டீர்கள்.

கருமாதியில் வாசிக்க நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். மரண அறிவித்தலில் ‘திடீர் சுகவீனம்’ என்று போட்டிருந்தது. அதில் ‘திடீர்’ பொய். அந்த ஒரு வார்த்தையைத் திருத்தாமல் மற்ற வார்த்தைகள் எனக்கு வரவில்லை.

மணி என்னைவிட இரண்டு வயது மூத்தவன். மாத்தளை கோயில் தெருவில் எங்கள் பக்கத்து வீடு. பகலில் மிளகு, கராம்புக் கடையில் சாக்குத் தூக்குவான். மாலையில் விமானம் ஓட்டுவான். கண்டியில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. மற்றப் பையன்கள் பெரிய ஜெட்டை எடுப்பார்கள். இவன் ஒற்றை இன்ஜின் சின்ன விமானத்தில், மலைக்குள் புல் முளைத்துக் கிடக்கும் ஓடுபாதைகளைத் தேடிப் போவான். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்.

“ஒரு நாளைக்கு லண்டனுக்கு ஓட்டேன்டா,” என்றேன்.

“லண்டனுக்குப் போக ஆயிரம் பேர் இருக்காங்க. இந்த ஊருக்கு ரோடு கெடையாது. நான் போகலேன்னா இவங்களுக்கு உப்பு இல்ல.”

“அங்க யாருடா இருக்கா? எல்லாம் படம்.”

“படத்துல இருக்கிறவன் மட்டும் உப்பில்லாம சாப்பிடுவானா?”

விமானத்தைத் திருப்பும் ஜாய்ஸ்டிக்கின் அடியில் ஒருநாள் ‘வி. மணி’ என்று அவன் பெயரை எழுதி, நடுவில் ஒரு கால் போட்டு ‘விமாணி’ ஆக்கினேன். திருப்பிப் பார்த்தான். “மூணு சுழி போட்டிருக்கடா. இந்த எழுத்துப் பிழைக்கு லைசன்ஸ் குடுக்க மாட்டாங்க.” ஆனால் அழிக்கவில்லை. அவன் அம்மா பால் விடாத தேநீர் கொண்டுவரும்போதெல்லாம், பிளேனில் குடிப்பதால்தான் இது பிளேன்டீ என்று நான் விளக்கம் சொல்வேன். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார்.

ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்துத்தான் ஓட்டுவான். இன்ஜின் சத்தத்தில்தான் வேகம் தெரியுமாம். “ஏத்துறது யாரும் ஏத்தலாம். எறக்குறதுக்குத்தான் ஆள் வேணும்,” என்று சொல்லிக்கொண்டே இறக்குவான். நானும் நாற்காலியில் அவனோடு சேர்ந்து சாய்வேன்.

போர்க்காலம். அந்த வருடம் இயக்கத்தின் சின்ன விமானம் குண்டு போட வருகிறது என்ற பேச்சுக்கே கொழும்பில் விளக்கை அணைத்தார்கள். எங்கள் தெருவில் யாரோ போன் பண்ணினார்கள், இந்த வீட்டுக்குள் பிளேன் சத்தம் கேட்கிறது என்று. ‘யாரோ’ என்பது மரியாதைக்காக எழுதியது. அந்தச் சத்தம் நாலைந்து வீடு தாண்டிக் கேட்காது.

பொலிஸ் ஜீப் வந்தபோது விமானம் தரைக்குச் சற்று மேலே இருந்தது. மணி அதை அப்படியே நிறுத்திவைத்தான். “கேம் எகக் சேர்,” விளையாட்டு என்று சிங்களத்தில் சொன்னான். எந்த இடம் என்று அதிகாரி கேட்டார். “பப்புவா நியூ கினி.” அது வடக்கே, வவுனியாவுக்கு அந்தப் பக்கமா என்று கேட்டார். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டார்கள், மணியையும். ஜாய்ஸ்டிக்கைச் சின்னப்பிள்ளைச் சாமான் என்று விட்டுவிட்டார்கள். அவனுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. மூச்சுக்கு அடிக்கும் பம்பும் மேசையிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் ஓடுவதற்குள் ஜீப் போய்விட்டது. ஸ்டேஷன் வாசலில் என்னை உள்ளே விடவில்லை.

அவன் அம்மாவும் நானும் உங்கள் கதவுகளைத் தட்டினோம். கூட வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றோம். “போய்ப் பேசுனா நம்ம பேரையும் எழுதிக்குவாங்கம்மா,” என்றீர்கள். ஜீப்பில் அவனை ஏற்றினார்கள். மாடியில் நின்று பார்த்தவர்கள் ஒருவரும் இறங்கவில்லை. எறக்குறதுக்குத்தான் ஆள் வேணும்.

இரண்டு ராத்திரி சிமெந்துத் தரை. விட்ட பிறகும் மூச்சு பழைய மூச்சாகவில்லை. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தான். போன் பண்ணியது யார் என்று தெரிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். “ஸ்பீக்கர கொஞ்சம் கொறச்சிருக்கலாம்டா,” என்றான். உங்கள் மேல் வந்ததைவிட அன்றைக்கு அவன் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

செத்த வீட்டில் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, “நல்ல பையன்,” என்றீர்கள். அதைச் சொல்ல வேண்டிய இடம் ஸ்டேஷன்.

கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை. விமானமும் இறங்கவில்லை. என்னிடம் இருப்பது எழுத்துப் பிழையோடு அந்த ஜாய்ஸ்டிக்கும், அந்தச் சத்தமும்தான். இறங்கும்போது இன்ஜின் எங்கே குறையும், எங்கே இருமும் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். டியூஷன் முடிந்து கோயில் தெருவில் அதை வாயால் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன், ஒரு வீடு விடாமல். கேட்கிறவர்கள் போன் பண்ணலாம். நம்பர் உங்களிடம் இருக்கிறது.