பூட்டிய நகல்கள்

அவர் விரல்கள் விசைப்பலகையில் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தன. பழைய நகலின் பூட்டைக் கழற்று, புதியதை அதன்மேல் எழுது, இரண்டையும் ஒப்பிடு, திரும்பப் பூட்டு. இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய நான்கு வரிகள்.

கட்டட வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில், கணினிக் கோப்புகளுக்குத் தினமும் நகல் எடுத்து வைக்கும் அவருக்கு 'பேக்கப்' என்றே பெயர். யாரிடமும் படிக்காமல் தானே கற்றுக்கொண்ட தொழில். ஒப்புதலான வரைபடத்தை யாரும் கைதவறி மாற்றிவிடாதபடி 'படிக்க மட்டும்' என்று பூட்டுவது அங்கே வழக்கம். திருத்தம் வந்தால், வரைகிற அக்கா பூட்டைக் கழற்றித் திருத்தி மறுபடி பூட்டுவார். நகலெடுக்க பேக்கப் எழுதியிருந்த நிரல் நகலையும் பூட்டோடுதான் வைத்தது. அதனால் அடுத்த முறை அதன்மேல் எழுதப் போனபோது 'அனுமதி இல்லை' என்று முரண்டு பிடித்தது. பூட்டியது எங்கே மாறப்போகிறது என்று எண்ணி, அந்த எச்சரிக்கை கண்ணில் படாதபடி செய்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் 'எல்லாம் முடிந்தது' என்றே திரை சொன்னது. அவரும் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

போன மாதம் வரைபடங்கள் இருந்த டிஸ்க் செத்தது. நகலிலிருந்து மீட்டுக் கொடுத்தார்.

"தம்பி, இந்தப் படிக்கட்டை நான் எப்பவோ அகலப்படுத்திட்டேனே. இது பழசுல்ல?" என்றார் அக்கா.

முதலாளி பேக்கப்பின் தோளைத் தட்டினார். "டிஸ்க் போனா நீ என்னப்பா பண்ணுவ? இவ்வளவாவது காப்பாத்தினியே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த ஆறுதலுக்குத் தலையை ஆட்டி வைத்ததை நினைக்கத்தான் உடம்பெல்லாம் கூசியது. மதியம் அக்காவின் மேசைக்குப் போய் நின்றார்.

"டிஸ்க் மேல தப்பில்லக்கா. முதல் வாரமே நிரல் கத்திச்சு. நான்தான் அதோட வாயைப் பொத்திட்டேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை போச்சு?"

"முப்பத்தேழு வரைபடத்தோட திருத்தம்."

இழுப்பறையிலிருந்து, திருத்திய வரைபடங்களை அச்சிட்டுக் கையெழுத்தான தாள்களை எடுத்துப் போட்டார். "நான் வரையறேன். நீ அளவை வாசி. உனக்கும் படிக்க மட்டும்தான் அனுமதி. மௌஸ்ல கை வெச்சே, தெரியும் சேதி!"

பதினெட்டு நாள் வாசித்தார். ஒவ்வொரு அளவும் அவரைச் சுட்டது.

இன்று கடைசி ஒப்பீடும் பொருந்தியது. நகல் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார். கூடவே ஒரு தாள்: முப்பத்தேழு வரைபடங்களின் பட்டியல். அதன் தலைப்பில் தன் கைப்பட எழுதியிருந்தார்: 'இவை தொலைந்தது டிஸ்க்கால் அல்ல, நான் எச்சரிக்கையை மறைத்ததால்.'

"என்னப்பா இது?"

"முதல்ல தாளைப் படிங்க சார்," என்று இரண்டையும் நீட்டினார்.