நீலம் வந்தால் பாஸ்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் நர்ஸ். முதலுதவி அறையோடு, கேண்டீனில் சாப்பாட்டு நேரத்தில் சர்க்கரை வியாதி பற்றி வகுப்பெடுப்பதும் என் தலையில் விழுந்தது. படத்தைத் தூக்கிப் பிடித்து, "சோத்தைக் குறைங்க" என்பேன். எதிரே தட்டுத்தட்டாக மலைபோல் சோறு. கேண்டீன் சோற்றுக்கு அளவில்லை. இரண்டாம் தடவை வாங்காதவரை, "உடம்பு சரியில்லியா?" என்று விசாரிப்பார்கள். வருடக்கணக்கில் செவிடன் காதில் சங்கு ஊதினேன்.

அவர்கள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. சிறுநீரை மருந்தோடு சேர்த்துக் காய்ச்சும்போது நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறமானால் ஏகத்துக்கும் இருக்கிறது. வருடாந்திரப் பரிசோதனையில் செங்கல் நிறம் வந்தவரை ஓவர்டைம் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆகவே அவர்களுக்கு அது பரிசோதனை இல்லை, பரீட்சை. முந்தின நாளே பட்டினி, பாகற்காய்ச் சாறு, குடம் குடமாகத் தண்ணீர். நீலம் வந்தால் பாஸ்.

மண்ணூரிலிருந்து சைக்கிளில் வரும் பிரஸ் ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்து மாத்திரை சாப்பிட வைத்ததே நான்தான். அந்த வருடம் அவருக்கு நீலம் வந்தது. மறுநாள் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"பாஸாயிட்டேன் சிஸ்டர். எடுத்துக்கோங்க."

"பட்டினி கிடந்து வந்த நீலம்ணே அது. மாத்திரைய நிறுத்திடாதீங்க."

"சக்கரை இல்லன்னா நீலமா வரும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் இன்னாத்துக்கு மாத்திரை? நல்லா கீற உடம்புல மருந்து போட்டா தாங்குமா?"

எரிச்சலை அடக்கிக்கொண்டு முதலிலிருந்து விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பூம்பூம் மாட்டிடம் பேசியிருக்கலாம்.

சில மாதங்களில் பாதுகாப்பு ஷூ கடித்துக் காலில் புண் வந்திருக்கிறது. சர்க்கரையில் கால் மரத்திருந்ததால் அவருக்கு வலியே தெரியவில்லை. நாற்றம் தாங்காமல் பக்கத்து மெஷின்காரர்கள் இழுத்துவந்தபோது பாதம் கறுத்திருந்தது. சென்னைக்கு அனுப்பினோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று நிர்வாகமும் எழுதிவிட்டது.

மழைக்காலம் முடிந்த பிறகு, அக்குளில் கட்டையை ஊன்றிக்கொண்டு மனைவியோடு என் அறைக்கு வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"டெஸ்ட் எடுங்க சிஸ்டர்."

"இப்ப எதுக்குண்ணே?"

"மூணு நாளா ஒண்ணுமே துன்னல. வேணும்னா இவளைக் கேளுங்க. நீலம் வந்தா, குந்திக்கினு செய்யற வேலை எதுனா குடுப்பாங்க இல்ல?"

அவரை அறைய வேண்டும் போலிருந்தது. ஓவென்று அழவும் வேண்டும் போலிருந்தது. நிர்வாகம் எழுதியது எழுதியதுதான், எந்த நிறம் வந்தாலும் மாறப்போவதில்லை. அதைச் சொல்ல வாய் வராமல் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். இருவரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொதித்து அடங்கிய பிறகும் நீலமாகவே இருந்தது.

அவர் மனைவி என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பாஸ்ணே" என்றேன்.