மூன்று பேர் தலையாட்டிய தாளம்

கலைச்செல்வி வாசலிலேயே நின்றார். "உள்ள வாம்மா" என்றேன். வரவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. ஆடி வெள்ளிக்குக் கோயில்ல நம்ம பாட்டப் போட்டாங்க. ரெண்டாவது சரணம் வர்றதுக்குள்ள நிறுத்திட்டாங்க. தாளம் காதக் கிழிக்குதாம்."

அவர் குள்ளஞ்சாவடியில் தையல் கடை வைத்திருப்பவர். தானே எழுதி, மெட்டமைத்து, முதன்முதலாகப் பதிவு செய்த அம்மன் பாட்டு அது. மந்தாரக்குப்பத்தில் என் வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. நான் அனல்மின் நிலையத்தில் டர்பைன் பகுதியில் வேலை பார்த்தவன். கூடவே மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து இங்கே வந்தபோது, மிச்ச காலத்துக்குத் தாளம் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில்தான் வந்தேன்.

டிரம்ஸுக்கு மூன்று வழி

வீட்டு ஸ்டுடியோ தொடங்கும் இளையவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நிஜ டிரம் செட்டுக்கு மைக் வைத்துப் பதிவு செய்யலாம். எலக்ட்ரானிக் பேடில் ஹெட்ஃபோன் மாட்டி வாசிக்கலாம். அல்லது கம்ப்யூட்டரில், யாரோ பதிவு செய்து வைத்த ஒற்றை அடிகளான சாம்பிள்களை எடுத்து, அடி அடியாகப் புரோகிராம் செய்யலாம்.

நிஜ செட் இந்த ஊரில் நடக்காது. எப்போது வாசித்தாலும் ஏதோ ஒரு ஷிஃப்ட் முடித்தவர் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். முதல் நாளே சுவரைத் தட்டிவிட்டார்கள். பேடு ரப்பர் செருப்பை அடிப்பது போல இருந்தது. ஆகவே கலைச்செல்வியின் பாட்டுக்குச் சாம்பிள்.

கிக் எனும் பெரிய டிரம்மும் ஸ்நேர் எனும் சின்ன டிரம்மும் பிரமாதம். ஹை-ஹேட், அதாவது காலால் மிதித்து மூடித் திறக்கும் அந்த ஜோடித் தட்டு, அது மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. வேறு சாம்பிள் போட்டேன், அதுவும் மந்தம். எந்தப் புண்ணியவான் பதிவு செய்தானோ என்று திட்டிக்கொண்டே, மேல் சுருதியைக் கூட்டும் ட்ரெபிளை ஏற்றினேன். கீபோர்டு தேவராஜும் பேஸ் கிட்டார் அன்புவும் கூட இருந்தார்கள். இருவரும் என் குழுக்காரர்கள், என்னோடு ஒரே டர்பைன் தளத்தில் நின்றவர்கள்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா" என்றான் தேவராஜ். ஏற்றினேன்.

"இப்பத்தான் உசுரு வந்துச்சு" என்றான் அன்பு.

மூன்று பேரும் தலையாட்டினோம். கலைச்செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தார். எங்கள் தலையாட்டலைப் பார்த்துவிட்டுப் பாட்டு நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

தூக்கிய கை

கோயில் சேதி சொல்ல வந்த கலைச்செல்வியை உள்ளே உட்காரவைத்துப் பாட்டைப் போட்டேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. டீ கொண்டுவந்த என் மனைவி வசந்தா டம்ளரை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இவ்ளோ நாளா ஏன் சொல்லல?" என்றேன் அவளிடம்.

"மொதல்லேர்ந்து இப்படித்தான் கத்திகினு இருக்குது. நீங்க மூணு பேரும் தலையாட்டிகினு இருந்தீங்க. எனக்கு இன்னா தெரியும்னு வுட்டுட்டேங்க."

கம்ப்யூட்டரில் விசில் போல ஒற்றை ஒலியை எழுப்பும் வசதி உண்டு. அதைக் கீழ்ச் சுருதியிலிருந்து மெல்ல மேலே ஏறவைத்தேன். "கேக்குற வரைக்கும் கையத் தூக்கி வெச்சிருங்க" என்று வசந்தாவிடமும் கலைச்செல்வியிடமும் சொல்லி, நானும் தூக்கினேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு அறை அமைதியாகிவிட்டது. கையை இறக்கினேன். அவர்கள் கைகள் மேலேயே இருந்தன. திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். கையை இறக்குவதா வேண்டாமா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"டர்பைன்லயா இருந்தீங்க? மேல் சுருதி கேக்குறது போனது போனதுதாங்க, திரும்பாது" என்றார் காது டாக்டர்.

எங்களுக்குக் காதுமூடி கொடுத்திருந்தார்கள். ஆனால் பேரிங் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பேரிங்கிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பது எங்கள் பழக்கம். மூடியைக் கழற்றினால்தான் அது முடியும். "டிரம்ஸ்காரரக் கூப்புடுங்கப்பா, அவருக்குப் பாம்புக் காது" என்பார் ஃபோர்மேன். பெருமையாகப் போய் நிற்பேன். தேவராஜும் அன்புவும் தாங்களும் கம்பியை வாங்கிக் கேட்பார்கள். தாளம் தெரிந்த காது என்பதாலேயே என் காது போயிற்று. ஸ்டுடியோ கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இனி எனக்கு என்ன இருக்கிறது?

இளையவர்களே, டிரம்ஸ் சத்தத்தை எந்த வழியில் வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் உங்களோடு வேலை பார்க்காத ஒருவரை அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே இரைச்சலில் நின்ற மூன்று பேர் தலையாட்டினால், அது ஒரே காதுதான்.

கலைச்செல்வியின் குரலை மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டேன். வடலூரில் ஒருவர் புதிதாகத் தாளம் சேர்த்தார். கோயிலில் அதைப் போட்ட அன்று வசந்தாவோடு போய் நின்றேன். கிக் வந்தது. ஸ்நேர் வந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

"ஹை-ஹேட் போட்டிருக்கானா?"

"அந்தச் சிக்குசிக்குன்னு வர்றதுங்களா? பாட்டு பூரா வந்துகினே இருக்குதுங்க. நல்லா இருக்குது."

எனக்குப் புரியட்டும் என்று என் முழங்கையில் விரலால் அந்தத் தாளத்தைத் தட்டிக் காட்டினாள். வாழ்நாளெல்லாம் நான் வாசித்த தாளம்தான்.

"போதும் வசந்தா, வுடு" என்றேன்.