அவன் பேசாத பாஷையில் ஓர் அஞ்சலி

எங்கள் பீங்கான் பட்டறையில் வடக்கேயிருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான், இந்திக்காரங்க. அசாமிலிருந்து வந்த அந்தப் புருஷன் பெண்டாட்டியையும் அப்படித்தான் சொன்னார்கள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளுக்குப் பிசிறு எடுப்பாள். அவன் சூளையில் சாமான் அடுக்குவான். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் சளசளவென்று பேசுவார்கள். அந்தப் பேச்சு தெரிந்த வேறு ஆள் விருத்தாசலத்தில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சூளையில் வங்காளத்துக்காரர் ஒருவரும் இருந்தார். மூன்று பேருக்கும் ஒரே பாஷை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அக்கா என்பதற்கு அவர் என்னை தீதி என்பார், அவள் பாய்தேவ் என்பாள். தண்ணீரை அவர் ஜல் என்பார், அவள் பானி என்பாள். அந்தப் பானி, மங்கலம்பேட்டையிலிருந்து வந்து டீக்கடை போட்டிருந்த, வீட்டில் உருது பேசும் பாய்க்கே புரியும்.

மஞ்சள்காமாலை முற்றி அவள் புருஷன் போய்விட்டான். ஊருக்குக் கொண்டுபோக வழியில்லாமல் மணிமுத்தாற்றங்கரையில் எரித்தோம்.

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாக வேண்டும். பட்டறை ஆட்கள் அவனுக்கும் கட்டினார்கள். அவள் படிக்கும்படி இருக்கட்டும் என்று வங்காளத்துக்காரரிடம் எழுதி வாங்கி அடித்தார்கள். அவர் அழுதுகொண்டேதான் எழுதிக் கொடுத்தார்.

அவள் அதை முழுக்கப் படித்தாள். இரண்டு பாஷைக்கும் எழுத்து ஏறக்குறைய ஒன்றுதானாம். படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாய்தேவ், இது அவங்க பாஷை. இவரு பாஷை இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா?" என்றார் மேஸ்திரி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க அப்பாவுக்கு மலையாளத்துல அஞ்சலி அடிச்சா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். வங்காளத்துக்காரர் பேனர் கயிற்றை அவிழ்க்கப் போனார். அவள்தான் தடுத்தாள்.

"வேணாம். ஆசையா செஞ்சாங்க," என்றாள். பிறகு அரைகுறைத் தமிழில் எனக்கு மட்டும் சொன்னாள். "ரொம்ப முன்னாடி எங்க ஊரு ஸ்கூலுல கூட அவங்க பாஷைதான். எங்க ஆளுங்க கேட்டுக் கேட்டு எங்க பாஷை வாங்குனாங்க. இங்க அது பேச இவரு ஒருத்தருதான் எனக்கு."

அதற்குப் பிறகு, ஊருக்குக் கிளம்பும் நாள்வரை, அவள் வாயில் அந்தப் பாஷையை நான் கேட்கவில்லை. ஊருக்குப் போன் போட்டால் பேச்சு வராமல் அழுகைதான் வந்தது.

அவளை ரயிலேற்ற ஜங்ஷனுக்கு நான்தான் போனேன். பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் பாஷையில் பேச ஆரம்பித்தாள். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. இடையில் ஒரு தடவை சிரித்தாள், ஒரு தடவை திட்டினாள். அவனைத்தான் திட்டியிருப்பாள். கதை கேட்கிறவள் மாதிரி நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள் என்று பயமாக இருந்தது.

வண்டி வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சுத்தமாக எங்கள் ஊர்த் தமிழில், "போயிட்டு வரேன்க்கா," என்றாள்.

அதற்கும் என்னால் உம் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.