கவாத்துக் குச்சியில் பாதி

தோட்டக் குப்பையை எரிபொருளாக்குகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: நீங்கள் குப்பை அள்ளுகிறவரா, தொழிலதிபரா என்று உறவுக்காரர்களுக்குக் கடைசிவரை புரியாது. இப்படிப் பேர் சொல்ல முடியாத வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

தேவர்சோலைக்குப் பக்கத்தில் என் ஷெட். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது விழுகிற குச்சி, ஓடையோரப் புல், காட்டை அடைத்து நிற்கும் உண்ணிச்செடி எல்லாவற்றையும் காயவைத்து, தூளாக்கி, மிஷினில் அழுத்திக் கட்டையாக்குவேன். தேயிலை பேக்டரி பாய்லரில் விறகுக்குப் பதில் அது எரியும். ஒரு லோடு கட்டை போனால் அத்தனை மரம் தப்பித்தது என்று எனக்கு ஒரே பெருமை.

முதல் லோடு

கட்டையை நன்றாகத்தான் செய்திருந்தேன். அவசரத்தில் தார்ப்பாய் மூடாமல் லாரியை அனுப்பிவிட்டேன். நம் ஊர் மூடுபனி சும்மா விடுமா? ஊறிப்போய்ச் சேர்ந்தது. பாய்லர் அறை முழுக்கப் புகை. பாய்லர்காரர் முருகேசன் இருமிக்கொண்டே வெளியே வந்தார்: "ஏனுங்க, பாய்லருக்குக் கட்டை கேட்டா கொசு வெரட்டறதுக்கு அனுப்பிட்டீங்களாட்ட இருக்குது!"

பெருக்கின சரிவு

அடுத்த லோடு ஒழுங்காக எரிந்தது. பேக்டரி மேனேஜர் இரண்டு மடங்கு கேட்டார். தலைகால் புரியாமல் ஆட்களோடு செல்வராணியக்காவின் சரிவுக்குப் போனேன். அக்காவின் பெற்றோர் சிலோனிலிருந்து வந்தவர்கள். எஸ்டேட் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய ஒரு ஏக்கர் தேயிலைதான் அக்காவுக்கு எல்லாமே. கவாத்து முடிந்து கிடந்ததை, இலை, சருகு, விரல் நீளக் குச்சி எதையும் விடாமல் வாரினோம். கல்யாண வீட்டு வாசல்போலச் சுத்தம். நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே மழை பிடித்தது. மூடியிருந்த சருகு போனதால் மழை நேராக மண்ணில் அடித்து, மேல்மண் கரைந்து ஓடைக்குப் போய்விட்டது. செடிகளின் வேர் வெளியே தெரிந்தது. இன்னும் இரண்டு பெரிய மழை பெய்தால் செடி சாய்ந்துவிடும். மரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு குடும்பத்தின் மண்ணைத் தொலைத்திருக்கிறேன்! வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அக்கா சத்தம்கூடப் போடவில்லை. "குச்சியத்தான் குடுத்தேன் தம்பி, மண்ணையும் சேத்துக் குடுத்ததா எனக்கு ஞாபகம் இல்லையே!"

மேனேஜர் அறையில்

மறுநாளே, அரைக்காமல் கிடந்த குச்சியையும் சருகையும் ஜீப்பில் திருப்பி ஏற்றினேன். தடித்த குச்சிகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கி, நடுவில் சருகைப் பரப்பினோம். அக்காவும் கூடவே குனிந்து வேலை செய்தார். அன்றைக்கே ஷெட்டில் சட்டம் போட்டேன்: இனி எந்தத் தோட்டத்திலும் தடித்த குச்சி மட்டும், அதிலும் பாதிதான். இலையும் சருகும் மண்ணுக்கு. ஓடையோரப் புல்லையும் தொடக்கூடாது, கரையைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். உண்ணிச்செடியை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம், ஆனால் அதை வெட்டிக் காயவைக்க நாளாகும்.

மேனேஜரிடம் போய், இரண்டு மடங்கெல்லாம் முடியாது என்றேன். வேறு ஆட்கள் தருகிறோம் என்கிறார்களே என்றார். அவர்கள் சரிவைப் பெருக்கித் தருவார்கள், நான் தரமாட்டேன் என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நேராக நான் யாரிடமும் பேசியதில்லை. ஆர்டர் போயிற்று என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்மியாத்தான் தருவேன்னு வந்து நிக்கற சப்ளையர இப்பத்தானுங்க பாக்கறேன். சரி, தர்றதத் தாங்க."

ஆடி மழை

ஆடியில் ஒரு வாரம் விடாத மழை. குடையோடு சரிவுக்குப் போனேன். அடுக்கின குச்சிகளுக்குப் பின்னால் மண் தங்கி நின்றது. ஓடைத் தண்ணீரில் அடியில் கிடந்த கல் தெரிந்தது. ஒரு செடிகூடச் சாயவில்லை. எனக்கு இருந்த பெருமைக்குக் குடை தேவைப்படவில்லை, மடக்கிவிட்டேன். அக்கா பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்திக்கொண்டு, பக்கத்துத் தோட்டக்காரர் இருவரைக் கூட்டிவந்து என்னைக் காட்டினார்: "இந்தத் தம்பிக்கு நம்பிக் குச்சி குடுங்க, வேலைய ஒழுங்காப் பாதியில விட்டுட்டுப் போயிரும்."

செய்த வேலையைவிடச் செய்யாமல் விட்ட வேலைக்கு நல்ல பெயர் கிடைப்பது எங்கள் தொழிலில் மட்டும்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறேன்.