கூரையில் தொங்கும் சட்டை

எங்கள் வால்யெவோ ஊரில் வீடு கட்டுகிற சைட் மேனேஜர் ரதோமிர். அவனிடம் கொத்தனாராக வேலை பார்த்து, அவன் கத்தலைக் கேட்டே என் காது புளித்துவிட்டது. அவன் கடையில் சட்டை வாங்கியதே இல்லை. எங்கள் பக்கம் கூரை முடிந்ததும் வீட்டுக்காரர்கள் உச்சியில் புதுச் சட்டை ஒன்றைக் கட்டுவார்கள். வேலையை நடத்தியவன் ஏறி எடுத்துக்கொள்வான். ரதோமிர் போட்டுத் திரிந்ததெல்லாம் அப்படி வந்தவைதான்.

தெசாங்கா அம்மா கட்டிய புது வீட்டில் வம்பு வந்தது. கூரை முடிந்த அன்று மாடிப்படி ஏறியவள், படிக்கு மேலே தாழ்வாகக் குறுக்கே போன பீமில் நெற்றியை இடித்துக்கொண்டாள்.

"படம் வரைஞ்சது யாரு மேடம்? நீங்கதானே?" என்று ரதோமிர் ஆர்க்கிடெக்ட் வெஸ்னாமேல் பாய்ந்தான்.

"கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி அளந்து பாக்கறது யார் வேலை? உங்க தாத்தா வந்து பாப்பாரா?"

"பேப்பர்ல இருக்கறதைக் கட்டறதுதான் என் வேலை. அளவு உங்க தலைவலி!"

"தலைவலி எனக்குடா!" என்று தெசாங்கா கத்தினாள்.

அப்படியும் ரதோமிரும் வெஸ்னாவும் கூரைச் சட்டை தனக்குத்தான் என்று நின்றார்கள். வீடு என் கற்பனை என்றாள் அவள்; என் உழைப்பு என்றான் இவன்.

தெசாங்கா ஏணியைக் காட்டினாள். "தப்பு என்னுதுன்னு யார் சொல்றீங்களோ, அவங்க ஏறி எடுத்துக்கங்க."

இருவரும் அவரவர் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

பனியில் வெளுத்து அந்தச் சட்டை இன்னும் அங்கேயே தொங்குகிறது. போன வாரம் ரதோமிர் சந்தையில் சட்டைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.